வாழைத் தோட்டத்தில் ஒரு சிம்

கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். முதலில் கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போன் கடையில் நாற்காலி வாடிக்கையாளருக்கு மட்டும்தான். எங்கள் வீட்டு மாடிக்குப் பதினேழு படிகள். என் வலது முழங்கால் படிக்கு ஒரு தடவை சத்தம் போடுகிறது. கடையை விட்டு வந்து நாளாகிவிட்டது என்றாலும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனை வெளியே எடுத்தால் என்ன மாடல், எந்தக் கம்பெனி சிம், மேலே எத்தனை கோடு சிக்னல் என்று கண் தானாகப் போகிறது. இந்த வியாதி உங்களுக்கும் வரும்.

புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மாடல்களைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நான் மனப்பாடமாக வைத்திருந்த மாடல்களில் ஒன்றுகூட இன்று விற்பனையில் இல்லை. எந்தப் போனில் என்ன இருக்கிறது என்பதை இப்போது நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போன் வாங்க வருவதில்லை. சிம் கம்பெனியின் மேல் கோபப்பட்டு வருகிறார்கள். வீட்டுக்குள் சிக்னல் இல்லை, ரீசார்ஜ் கட்டணம் ஏறிவிட்டது, புகார் சொன்னால் இயந்திரம் பதில் பேசுகிறது. “எல்லாத்தையும் மாத்திருங்க” என்பார்கள். கம்பெனி மாற வேண்டும், நம்பர் மாறக் கூடாது, போன் புதிதாக இருக்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், பல வருஷம் உழைக்கவும் வேண்டும். கோபத்தில் இருக்கும் மனிதருக்கு எதையும் விற்றுவிடலாம். அதுதான் ஆபத்து. அவர் கொண்டுவந்த கோபம் தணிந்த பிறகு, கையில் இருப்பது நீங்கள் கொடுத்த போன் மட்டும்.

என்னை முதன்முதலில் வேலைக்கு எடுத்த முதலாளி, வாடிக்கையாளரிடம் ‘எவ்வளவு விலையில் வேண்டும்’ என்று கேட்கவே விடமாட்டார். நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவன். விலை, திரை, நினைவகம், பேட்டரி என்று கட்டம் போட்டு, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கூட்டி ஓர் அட்டவணை எழுதிக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாங்க வந்தவன் இதுல எந்தக் கட்டத்துல வே இருக்கான்?” என்றார். அவர் கேட்பது ஒரே கேள்வி: “உங்களைக் கூப்பிடுறது யாரு?”

எளிய கேள்விதான். ஆனால் வேலை செய்யும். கங்கைகொண்டான் தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போகும் ஒரு பெண் வந்தாள். விலை உயர்ந்த கேமரா போன் ஒன்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டதில், அவள் வேலை பார்க்கும் இடத்தில் வாசலிலேயே கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், பன்னிரண்டு மணி நேரம் போன் பெட்டிக்குள் கிடக்கும், வெளியே வந்ததும் அம்மா கூப்பிடுவாள் என்று தெரிந்தது. அவளுக்கு வேண்டியிருந்தது பேட்டரி. கேமராவுக்குப் பணம் கொடுத்திருந்தால் ஸ்டிக்கருக்குக் கொடுத்த மாதிரி. விலைக்குத் தகுந்த போன் என்று ஒன்று தனியாக அலமாரியில் இருப்பதில்லை. ஆளுக்குத் தகுந்த போன்தான் விலைக்குத் தகுந்தது.

இந்தக் கேள்வியை நம்பியே நான் பல வருஷம் ஓட்டினேன். அது பாதிக் கேள்விதான் என்பதை ஒரு கோடையில் தெரிந்துகொண்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நான் வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய கடையில் இருந்தேன். ஒரு நாள் மதியம் பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நாங்கள் எல்லோரும் அவரைச் சார்வாள் என்றே கூப்பிட்டோம்; இங்கேயும் அப்படியே சொல்கிறேன். சாலையோரம் குடை விரித்து சிம் விற்கும் ஒருவரிடம் கம்பெனி மாற்றுவதற்குக் கொடுத்துவிட்டு நேரே எங்களிடம் வந்திருந்தார்.

“சிம்மை மாத்தியாச்சு. அதுக்கு ஒரு போன் வேணும். வெலை கொறஞ்சு இருக்கணும். நான் அறிவியல் வாத்தியார், ஏமாத்தலாம்னு நெனைக்காதீரும்.”

“ஏமாத்த மாட்டோம் சார்வாள். உங்களைக் கூப்பிடுறது யாரு?”

“என்னைய யாரு வே கூப்பிடப் போறா? மகன் பெங்களூர்ல இருக்கான். ஞாயித்துக்கெழம கூப்பிடுவான். அதுவும் மாமனார் வீட்டுக்குப் போகாத ஞாயிறா இருந்தா.”

எங்கள் கடையில் இசக்கி என்று ஒருவன் இருந்தான். ஒரு போன் கம்பெனி தன் பொருளை விற்பதற்காகக் கடையில் நிறுத்தியிருந்த ஆள். நல்லவன், ஆனால் வாய் ஓயாது. அவன் நடுவில் புகுந்தான்.

“சார்வாள், இதைப் பாருங்க. நூத்தியெட்டு மெகாபிக்சல்.”

“நூத்தியெட்டா? அது என்ன லே, அர்ச்சனையா?”

கேமராவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சத்தம் நல்லாக் கேக்குமா?” என்றார். ஒரு போனை நாற்காலியில் வைக்கச் சொன்னார். தான் கடை வாசல் வரை நடந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இசக்கி ஒரு பாட்டை வைத்தான். “பாட்டு வேண்டாம். யாராவது பேசுறதைப் போடும்” என்றார் திரும்பாமலே. இசக்கி வேறொரு போனிலிருந்து கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு, “வணக்கம் சார்வாள், சாப்பிட்டாச்சா சார்வாள்” என்று பேசினான். இப்படி ஐந்து போன்கள். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஐந்தில் அதுதான் விலையும் குறைவு.

அது நல்ல போன். இப்போதே சொல்லிவிடுகிறேன், கதையின் முடிவிலும் அதில் எந்தக் குறையும் வராது. அவருடைய புதுக் கம்பெனி சிம்முக்குப் பொருந்தும், பேட்டரி பெரிது, பழுது பார்க்கும் இடம் நடக்கும் தூரத்தில். பிற்பாடு ஏன் வாங்கினோம் என்று வருந்த வைக்கும் ஆடம்பரம் எதுவும் இல்லை. நான் அவருக்குக் கை கொடுத்து அனுப்பினேன். அவ்வளவு தூரம் நின்று சத்தத்தைச் சோதித்தது ஏன் என்று எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. காது மந்தமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவர் காது நன்றாகத்தான் இருந்தது. வாசலில் நின்றபடியே இசக்கி முணுமுணுத்ததற்குப் பதில் சொன்னவர் அவர்.

இரண்டு வாரம் கழிந்திருக்கும். சனிக்கிழமை மாலை, கடையில் கூட்டம். என் கவுண்டரில் மட்டும் நான்கு பேர். சார்வாள் அவர்களை விலக்கிக்கொண்டு வந்து போனைப் பெட்டியோடு கண்ணாடி மேல் வைத்தார். சட்டை கசங்கியிருந்தது. பையில் ஒரு பேனாகூட இல்லை.

“இதைத் திருப்பி எடும் வே.”

“என்ன செய்யுது சார்வாள்?”

“ஒண்ணும் செய்யல. அதான் கோளாறு.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் குரல் உயர்ந்தது. “சிரிக்காதீங்கய்யா. என் வீட்டுல பாத்துக்கிட ஆள் இல்ல. அரை மணி நேரத்துல நான் போகணும். நல்ல போன்னு கையைக் குலுக்கி அனுப்பினாரே இவரு, கேளுங்க இவருகிட்ட.”

இசக்கி எனக்குக் கேட்கும்படி, “அப்பவே சொன்னேன் அண்ணாச்சி, கொஞ்சம் கூடப் போட்டு வாங்கியிருக்கணும்” என்றான். ஓரத்தில் ஓர் இளைஞன் தன் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தான். கல்லாவிலிருந்து கடை உரிமையாளர் எனக்குக் கையைக் காட்டினார். அந்தச் சைகைக்கு அர்த்தம் நமக்கெல்லாம் தெரியும்: வேறு போனைக் கொடுத்து அனுப்பிவிடு, பிரச்சினை வெளியே போகட்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு சனிக்கிழமை வரும். வேறு போன் கொடுத்தால் கூட்டம் கைதட்டும். உரிமையாளர் தலையாட்டுவார். கம்பெனி ஆள் விலை கூடிய ஒன்றைத் தள்ளிவிடுவான். சார்வாளும் நன்றி சொல்லிவிட்டுப் போவார். எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் போன் மாறியும் அவருடைய பிரச்சினை அப்படியே இருந்தால், இனிமேல் எதுவுமே சரியாகாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவார். ஒரு மனிதரை அந்த முடிவுக்குத் தள்ளுவதற்கு முன்னால், பழுதானது எது என்று பார்த்துவிட வேண்டும். கூட்டத்துக்கு நடுவில் அது எரிச்சலான வேலை. எனக்கு முழங்கால் வேறு வலித்தது.

“யாரைக் கூப்பிட்டுக் கிடைக்கல?” என்று கேட்டேன்.

“மோட்டாரை.”

இசக்கியால் சும்மா இருக்க முடியவில்லை. “மோட்டாரா? மோட்டார் ஹலோ சொல்லுமா சார்வாள்?”

“சொல்லும் லே. உன்னைவிட மரியாதையாச் சொல்லும்.”

நாற்காலியைக் காலியாக்கி அவரை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு அவர் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறேன்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். பேச்சு குழறும், நினைவு தெளிவு. களக்காட்டில் மலையடிவாரத்தில் அந்த அம்மாளின் தந்தை கொடுத்த நிலம் இருக்கிறது, ஏத்தன் வாழை. இத்தனை வருஷமும் அதைப் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மாள்தான். சார்வாளுக்குக் கரும்பலகை தெரியும், வாய்க்கால் தெரியாது. மனைவி படுத்த பிறகு அவர் மோட்டார் கொட்டகையில் ஒரு பெட்டி வைத்தார். அதற்குள் ஒரு சிம். பாளையங்கோட்டையிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தால் பெட்டி எடுத்து மோட்டாரைப் போட்டுவிடும். “மின்சாரம் உள்ளது, மோட்டார் ஓடுகிறது” என்று பதிவு செய்த குரல் சொல்லும். அங்கே தண்ணீர் போகும். மனைவியை விட்டு நகராமல் நிலத்தை அவர் காப்பாற்றியது அந்தப் பெட்டியால்தான்.

“காலையில அதை ஸ்பீக்கர்ல போட்டு அவ கட்டில்கிட்ட வைப்பேன். அந்தக் குரலைக் கேப்பா. தண்ணி போகுதான்னு ஒரு வார்த்தை கேப்பா. போகுதுன்னு சொன்னாத்தான் இட்லியைத் தொடுவா. பழைய போன்ல சத்தம் பத்தல. அதான் உம்மகிட்ட வந்தேன்.”

இப்போது பத்து நாளுக்கு மேலாக அந்தக் குரல் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் செல்லையா இரண்டு தடவை போய்க் கையால் மோட்டாரைப் போட்டுக் கொடுத்தார். அவருக்குத் தன் வாழை இருக்கிறது. சார்வாள் இரண்டு தடவை பேருந்தில் போய் வந்தார். இரண்டாவது தடவை அவர் திரும்பியபோது அந்த அம்மாள் கட்டிலுக்குக் கீழே தரையில் கிடந்தார். மோட்டாரைப் பார்க்கப் போக எழுந்தாராம். அங்கே குலை தள்ளும் நேரம். மேல்காற்று வேறு அனலாக அடிக்கிறது.

“ரெண்டு எடத்துல நான் எப்படி வே இருப்பேன்? நெலத்தை விக்கதுக்குத் தரகன் திங்கக்கெழம காலையில வாரான். அவகிட்ட கைரேகை வாங்கணும். என்னன்னு சொல்லி வாங்குவேன், அதைச் சொல்லும்.”

படம் பிடித்துக்கொண்டிருந்த இளைஞன் போனைப் பைக்குள் வைத்துவிட்டான்.

நான் என் போனை எடுத்தேன். ஊருக்கெல்லாம் போன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் வைத்திருந்தது பேட்டரி செத்துக்கொண்டிருந்த பழைய போன். அதை மாற்ற நேரமே வாய்த்ததில்லை. அதிலிருந்து மோட்டார் நம்பருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அறிவிப்பு வந்தது. கடைப் போனிலிருந்து அடித்தேன், அதே அறிவிப்பு. சார்வாளின் போனில் குற்றம் இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

“மோட்டார்ப் பெட்டியில எந்தக் கம்பெனி சிம் சார்வாள்?”

“அதுவும் புதுசுதான். ரெண்டு நம்பரையும் சேத்து மாத்தினா மாசக் கட்டணம் மலிவுன்னு குடைக்காரன் சொன்னான். புது சிம்மைச் செல்லையாகிட்டக் கொடுத்து மாட்டச் சொன்னேன். எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு.”

அங்கே இருந்தது வினை. அந்தப் புதுக் கம்பெனியிடம் புதிய தலைமுறைச் சிக்னல் மட்டும்தான் உண்டு. தோட்டத்துப் பெட்டிக்குத் தெரிந்ததோ பழைய சிக்னல் ஒன்றுதான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. ஒரே நேரத்தில் போனும் மாறியது, கம்பெனியும் மாறியது. எது கெட்டது என்று அறிவியல் வாத்தியாராலும் பிரிக்க முடியவில்லை. பார்க்கப் பளபளப்பாகக் கையில் இருந்தது போன். பழி அதன் மேல் விழுந்தது. குடைக்காரரையும் நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு நம்பர் என்றால் இரண்டு மனிதர்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அன்றிலிருந்து நான் யாரையும் ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்ற விட்டதில்லை. முதலில் கம்பெனியை மாற்றுங்கள், பழைய போனிலேயே ஒரு வாரம் பேசுங்கள், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். கையில் வந்த விற்பனையை அனுப்புகிறான் என்று உரிமையாளர் என்மேல் வருத்தப்பட்டார். திரும்பி வராதவர்களும் உண்டு. வந்தவர்கள் சண்டைக்கு வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். விஷயத்தைச் சொன்னதும் சார்வாள் போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு, “அப்போ பழைய கம்பெனிக்கே திரும்பிரலாம்லா?” என்றார். அது உடனே முடியாது. மாறி வந்த நம்பர் மூன்று மாதம் அங்கேயே இருந்தாக வேண்டும். அதுவரை வாழை காத்திருக்காது. பழைய கம்பெனியில் புதிதாக ஒரு சிம், புதிதாக ஒரு நம்பர் வாங்கிப் பெட்டியில் போட்டால் போதும். அவர் முகத்தைப் படம் எடுத்து, அவர் பெயரிலேயே வாங்கி, அவர் போனில் அந்த நம்பரை ‘மோட்டார்’ என்று பதிந்தும் கொடுத்தேன். எல்லாம் முடிந்து சிம் கையில் இருக்கிறது. தோட்டம் களக்காட்டில் இருக்கிறது.

“யாரு கொண்டுபோய்ப் போடுவா?” என்றார். “செல்லையா தன் தோட்டத்தை விட்டு இம்புட்டுத் தூரம் வர முடியாது. நான் போனா அவளை யாரு பாக்கது?”

“நாளைக்கு எனக்கு லீவுதான்” என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன நிமிஷமே எனக்கு அலுப்பு வந்தது. வாரத்தில் காலை நீட்டிப் படுப்பது அந்த ஒரு நாள்தான்.

“டெலிவரியும் ஆரம்பிச்சாச்சா அண்ணாச்சி?” என்றான் இசக்கி.

“போ லே அங்கன.”

ஞாயிற்றுக்கிழமை சேரன்மகாதேவி வழியாகக் களக்காடு போகும் பேருந்தில் ஏறினேன். சேரன்மகாதேவி வரை நின்றேன். சிம்மைச் சட்டைப் பையில் வைத்து, மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வீட்டிலிருந்து மூன்று அழைப்பு: எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள், மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா. கிளம்பும்போது அறுபது இருந்த பேட்டரி, இறங்கும்போது முப்பத்தொன்று.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்த பிறகுதான் யோசித்தேன். முதலாளியின் கேள்வியை நான் சரியாகத்தான் கேட்டிருந்தேன். சார்வாளும் உண்மையைத்தான் சொன்னார். அவரை யாரும் கூப்பிடுவதில்லை. அவர்தான் கூப்பிடுகிறார், தினமும் காலையில், மனிதர் இல்லாத ஒரு நம்பரை. ‘நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்’ என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்கு வரும் பதிலில் வங்கிச் செய்தி இருக்கும், எரிவாயு சிலிண்டர் பதிவு இருக்கும், மோட்டார் இருக்கும். கம்பெனி மாறினால் முதலில் அறுவது அந்த நூல்கள்தான். இப்போது கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டு கேள்வி. ஒன்று போதாது.

களக்காடு பேருந்து நிலையத்தில் செல்லையா இருசக்கர வண்டியோடு நின்றார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார்.

“வாங்க அண்ணாச்சி. பைய ஏறுங்க, பின்னால கம்பி சூடா இருக்கும்.”

மலையை ஒட்டித் தோட்டம். வாழை இலைகள் ஓரம் காய்ந்து கிழிந்திருந்தன. கொட்டகைக்குள் பெட்டியைத் திறந்து, பழைய கம்பெனியின் புது சிம்மை மாட்டினோம். சிவப்பாகச் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு கொஞ்ச நேரத்தில் பச்சைக்கு மாறியது. ஆனால் மோட்டார் ஓட வேண்டிய மும்முனை மின்சாரம் வரவில்லை. வரும்போது வரும் என்றார் செல்லையா. ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தோம்.

“தரகன் நல்ல வெலைக்குத்தான் கேக்கான் அண்ணாச்சி” என்றார். “ஆனா சார்வாள் வீட்டு ஆச்சிக்குத் தெரியாது.”

“தெரிஞ்சா?”

“தெரிஞ்சா எந்திரிச்சு நடந்தே வந்துருவா. பக்கவாதமாவது ஒண்ணாவது.”

மின்சாரம் வந்தபோது செல்லையா பழக்கத்தில் பொத்தானுக்குக் கை நீட்டினார். நான் தடுத்தேன். கையால் போட்டால் நாங்கள் வந்ததற்கு அர்த்தம் இல்லை. சார்வாளைக் கூப்பிட்டு, “இப்ப அடிங்க” என்றேன். பேட்டரி பத்தொன்பது.

காத்திருந்தோம். பெட்டி அசையவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். செல்லையா என்னைப் பார்த்தார். கடையில் அத்தனை பேர் முன்னால் சொன்னதெல்லாம் தப்போ என்று விளக்கைத் திரும்பக் குனிந்து பார்த்தேன், பச்சைதான். திங்கட்கிழமை காலை வரப்போகிற தரகரின் முகம் எனக்கு எப்படித் தெரியும், ஆனாலும் கண்ணில் வந்தது. சார்வாள் திரும்பக் கூப்பிட்டார்.

“அதே அறிவிப்புதான் வே வருது. எல்லைக்கு வெளியவாம்.”

“எந்த நம்பருக்கு அடிச்சீங்க?”

“மோட்டார் நம்பருக்குத்தான். மனப்பாடமா அடிச்சேன்.”

“சார்வாள், மனப்பாடம் பண்ணினது பழைய நம்பர். நான் நேத்து பதிஞ்சு வச்சேன்லா, அதைத் தொடுங்க.”

மறுமுனையில் உச்சுக்கொட்டினார். பிறகு, “நாப்பது வருஷமா பிள்ளைகளை இதுக்குத்தான் வே அடிச்சேன், கேள்வியைப் படிக்காம பதில் எழுதுறதுக்கு” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். மோட்டார் முனகி, பிறகு ஓட ஆரம்பித்தது. குழாய் இரண்டு தடவை இருமி, கலங்கலாகத் துப்பி, அப்புறம் வெள்ளையாகக் கொட்டியது. செல்லையா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேற்கு வரப்புப் பக்கம் நடந்தார்.

என் போன் அடித்தது. எடுத்தேன். சார்வாள் நம்பர்தான். மூச்சு வாங்கும் சத்தம், பிறகு உருட்டி உருட்டி ஒரு பெண் குரல்.

“தண்ணி போகுதா?”

“போகுது ஆச்சி.”

“எந்தப் பக்கம்?”

நான் கவுண்டர் ஆள். எனக்கு எந்தப் பக்கம் தெரியும்? சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். “மேக்க போகுது ஆச்சி.”

“மேக்க எதுக்கு? அங்கன நெழல் உண்டு. அடைச்சிட்டுக் கெழக்க திருப்பச் சொல்லு. கெழக்கதான் குலை தள்ளுது.”

செல்லையாவுக்குக் கேட்காத தூரம். கால்சட்டையை மடித்துவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மேற்கு வாயை நானே அடைத்தேன். செருப்பு ஒன்று சேற்றில் போய்விட்டது. செல்லையா திரும்பிப் பார்த்து ஓடி வந்து இரண்டே வெட்டில் கிழக்கே திறந்துவிட்டார்.

“திருப்பியாச்சு ஆச்சி.”

இப்போது சார்வாள் பேசினார். “வச்சிராதீரும் வே. அவளுக்குத் தண்ணிச் சத்தம் கேக்கணுமாம்.”

பேட்டரி பதினொன்று காட்டியது. திரும்பிப் போகும் வழியில் வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் அழுவார்கள். குனிந்து போனை வாய்க்காலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். முழங்கால் எரிந்தது. பாளையங்கோட்டையில் அந்த மூன்றாவது போன் கட்டிலருகில் எவ்வளவு சத்தமாக அதைச் சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும், கடை வாசல் வரை கேட்ட போன் அது. நான்கு காட்டும்வரை பிடித்திருந்தேன்.

தரகர் திங்கட்கிழமை வந்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. புதன்கிழமை சார்வாள் கடைக்கு வந்தார். பையில் இரண்டு பேனாவும் இருந்தன. இசக்கிதான் கவுண்டரில் இருந்தான்.

“மோட்டார் நம்பருக்கு ரீசார்ஜ் போடு லே.”

“எத்தனை நாளைக்குப் போட சார்வாள்? இருபத்தெட்டு நாளா?”

“இதை வெட்டி, அடுத்த குலையையும் வெட்டுற வரைக்கும்.”

இசக்கி விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். வாழைக்கு எத்தனை மாதம் என்று எனக்கும் முன்னால் தெரியாது. களக்காட்டில் சாக்கில் உட்கார்ந்திருந்தபோது செல்லையாவிடம் கேட்டு வைத்திருந்தேன்.

“வருஷத்துக்குப் போடு” என்றேன்.